பயணம் போகும் ஊரில் ஒரு வீட்டு அடுப்படியில் சமையல் கற்றுக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

உதய்ப்பூர், ஜெய்ப்பூர், ஃபோர்ட் கொச்சி என்று சுற்றுலாப் பயணிகள் கூடும் ஊர்களில் 'குக்கிங் கிளாஸ்' பலகை கண்ணில் படாமல் இருக்காது. சில மணி நேரத்தில் பனீர் பட்டர் மசாலா, தால் தட்கா, புலாவ், ரொட்டி, கடைசியில் மசாலா டீ. காய் எல்லாம் நறுக்கித் தயாராக இருக்கும், நீங்கள் போய்க் கிளறினால் போதும். தப்பில்லை, பொழுது நன்றாகப் போகும். ஆனால் அந்தப் பட்டியல் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்காக ராஜஸ்தான் வரை ரயில் ஏற வேண்டியதில்லை.

இங்கே சொல்லப்போவது வேறு. ஒரு குடும்பத்தோடு தங்கி, அல்லது பக்கத்தில் தங்கிக்கொண்டு போய்வந்து, அவர்கள் தினமும் சாப்பிடுவதை அவர்களோடு நின்று சமைப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விருந்துச் சமையலைக் கேட்காதீர்கள், வாரநாள் சமையலைக் கேளுங்கள். எப்போதோ செய்யும் பதார்த்தத்தை விருந்தாளிக்காகச் செய்யும்போது அந்த வீட்டுக்காரர்களே கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் செய்வார்கள். தினமும் செய்யும் பருப்பிலும் ரொட்டியிலும்தான் கை தானாகப் போகும். நாம் போவது அந்தக் கையைப் பார்க்கத்தான்.

தமிழ்நாட்டுச் சமையல் கொஞ்சம் கைவந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சாம்பாரும் ரசமும் செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியில் அதே பழக்கம் கொஞ்சம் இடைஞ்சலாகவும் வரும், அதைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: எந்த ஊர், எந்த மாதம்

பெரும்பாலானவர்கள் ஊரை முடிவு செய்துவிட்டு, லீவு கிடைக்கும்போது போகிறார்கள். சமையலுக்காகப் போவதென்றால் இதைத் திருப்பிப் போட வேண்டும். எந்தச் சமையல் வேண்டும், அது எந்த மாதத்தில் வீடுகளில் நடக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பஞ்சாபின் சர்ஸோன் கா சாக், கடுகுக்கீரையும் பசலையும் பதுவாக் கீரையும் சேர்ந்து மணிக்கணக்கில் வேகும் மசியல். அது குளிர்காலத்துக்கு உரியது. டிசம்பர், ஜனவரியில் போனால் மக்காச்சோள ரொட்டியோடு எந்த வீட்டிலும் இருக்கும். மே மாதம் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். சூரத் பக்கத்து உந்தியுவும் அப்படித்தான்: பிஞ்சு அவரை, சின்னக் கத்தரிக்காய், ஊதா வள்ளிக்கிழங்கு, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் ஒன்றாக வேகும் கூட்டு. ஜனவரி 14, உத்தராயணப் பட்டத் திருவிழாவை ஒட்டிப் போனால் குஜராத் முழுக்க அதே பேச்சு. வங்காளத்தில் ஹில்சா மீன் பார்க்க மழைக்காலம். ராஜஸ்தானின் காய்ந்த காய் சமையல் ஆண்டு முழுக்க நடக்கும், ஆனால் அந்த வெயிலில் அடுப்பங்கரையில் நிற்க முடியாது. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள்.

நவராத்திரி சமயத்தில் வட இந்தியாவில் பல வீடுகளில் ஒன்பது நாளும் விரதம். அரிசி, கோதுமை, வெங்காயம், பூண்டு இருக்காது. சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு, கோதுமைக்குப் பதில் குட்டு என்ற பக்வீட் மாவு, சிங்காடா என்ற, நீரில் விளையும் காயின் மாவு. அன்றாடச் சமையல் கற்க வந்தவருக்கு ஏமாற்றம். விரதச் சமையல் கற்க வந்தவருக்கு இதைவிட நல்ல சமயம் இல்லை. அதே நாட்களில் கொல்கத்தாவுக்குப் போனால் துர்கா பூஜை, மீனும் கறியும் அமளிப்படும். நாடு இவ்வளவு பெரிது என்பதைச் சமையலறையில் நின்றால் சீக்கிரம் புரிந்துகொள்ளலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பக்கத்து மாநிலம். மொழி ஓரளவு பிடிபடும், பொருட்கள் பெரும்பாலும் தெரிந்தவை, அதனாலேயே சின்ன வித்தியாசங்கள் பளிச்சென்று தெரியும். கேரளத்தில் மீன் குழம்புக்குக் குடம்புளி போடுகிறார்கள் (இலங்கைத் தமிழர்களுக்கு இது கொறக்காப்புளி). நம்முடைய புளி மாதிரி கரைத்து ஊற்றுவதில்லை. அலசி, தண்ணீரில் ஊறவைத்துச் சுளையாகவே போடுகிறார்கள். வயநாட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே குடகுக்குப் போனால் அதே பழத்தின் சாற்றைக் கருப்பாகக் காய்ச்சி வைத்திருப்பார்கள். கச்சம்புளி என்பது அதுதான், பன்றிக்கறியில் கடைசியில் ஒரு கரண்டி. ஒரே மரம், இரண்டு அடுப்படி, இரண்டு வேலை.

ஒரு பயணத்துக்கு ஒரு வட்டாரம் போதும். ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், வாரணாசி என்று ஓடிக்கொண்டே சமையலும் கற்பது நடக்காது.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறப்பதால், வீடு உறுதியானதும் அதையும் முடித்துவிடுங்கள். நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம், மணிப்பூர் போகிறவர்கள் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி எடுக்க வேண்டும், இந்தியக் குடிமக்களும்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் தமிழர்களுக்கு இன்னொன்று: உங்களைத் தங்கவைக்கும் வீடு 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களைத் தயாராக வைத்திருங்கள், கேட்டால் கோபப்படாதீர்கள்.

படி 2: வீட்டைக் கண்டுபிடிப்பது

மிகச் சிறந்த வழி தெரிந்தவர் மூலம். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெங்காலி நண்பரின் அம்மா, கல்லூரித் தோழியின் மாமியார் வீடு. கேட்கத்தான் நமக்குக் கூச்சம். ஆனால் 'உங்கள் அம்மா சமையலைக் கற்றுக்கொள்ள வரலாமா' என்று கேட்டு முகம் சுளித்தவர்களை நான் பார்த்ததில்லை.

அது இல்லையென்றால் ஹோம்ஸ்டே. இதில் ஒரு வில்லங்கம். ஹோம்ஸ்டே என்று பெயர் வைத்த லாட்ஜுகள் நிறைய: ஓனர் வேறு ஊரில் இருப்பார், ஒரு பையன் சாவி கொடுப்பான், சாப்பாடு வெளியிலிருந்து வரும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிவு பெற, வீட்டுக்காரரின் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம். கேரளத்தில் மாநில அரசு டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தருகிறது. அந்தத் தரம் அறை வசதிக்குத்தான், சமையலுக்கு அல்ல. சில்வர் வீட்டில் அருமையான கைப்பக்குவம் இருக்கலாம். பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது குடும்பம் உள்ளே இருக்கிறது என்பதற்கான ஓர் அடையாளத்துக்காக. கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலா மிஷன் கிராமத்துக் குடும்பங்களையும் பயணிகளையும் இணைத்துவிடுகிறது. அங்கே முதலில் விசாரிப்பது நல்லது.

எதுவானாலும் ஃபோனில் பேசாமல் பணம் கட்டாதீர்கள். பேசும்போது கேட்க வேண்டியவை இவை. சமைப்பது யார், வீட்டு ஆளா, சமையல்காரரா? நாங்கள் வரும் நாட்களில் அவர் ஊரில் இருப்பாரா? உங்கள் அடுப்படியிலேயே நிற்கலாமா, அல்லது விருந்தாளிகளுக்குத் தனிச் சமையலறையா? நேற்று மதியம் என்ன சமைத்தீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். 'என்ன வேண்டுமானாலும் செய்து தருவோம்' என்று பதில் வந்தால் அது ஹோட்டல். 'நேற்று லௌகி (சுரைக்காய்) போட்டுக் கடலைப்பருப்பு, ரொட்டி, கொஞ்சம் ஊறுகாய்' என்று வந்தால் அட்வான்ஸ் கட்டலாம்.

ஹிந்தி வராதவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஜோ ரோஜ் கர் மேம் பன்தா ஹை, வஹீ சீக்னா ஹை.' தினமும் வீட்டில் ஆவதைத்தான் கற்க வந்தேன். இதைச் சொன்னதும் அவர்கள் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்குவதைப் பார்க்கலாம்.

வீடு எதுவுமே அமையவில்லை, அமிர்தசரஸ் பக்கம் போகிறீர்கள் என்றால் பொற்கோயிலின் லங்கர் என்ற இலவசப் பொதுச் சமையலறை இருக்கிறது. அது வீட்டுச் சமையல் அல்ல, ஆனால் தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி உள்ளே போய்ச் சேவைக்கு உட்கார்ந்தால் யார் வேண்டுமானாலும் ரொட்டி தேய்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உங்கள் கையைப் பிடித்துத் திருத்துவார். காசு கிடையாது. ரொட்டி தேய்க்க ஒரு நாளில் கை பழக வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எத்தனை நாள்? குறைந்தது மூன்று நாள் ஒரே வீட்டில். முதல் நாள் பார்க்க, இரண்டாம் நாள் கூடச் செய்ய, மூன்றாம் நாள் நீங்களே செய்ய.

படி 3: பணமும் மரியாதையும்

ஹோம்ஸ்டேயில் சமையல் கற்றுத்தர எவ்வளவு, மளிகை அதில் சேருமா, சந்தைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோ யார் செலவு என்று முன்பே பேசிவிடுங்கள். பேசிய பிறகு பேரம் வேண்டாம். ஒருவர் தன் வீட்டு அடுப்பைத் திறந்துவிட்டு அரை நாள் உங்களோடு நிற்கிறார், அது ஒரு நாள் கூலி வேலை. பணத்தை முடிந்தால் சமைத்தவர் கையிலேயே கொடுங்கள். முன்னால் வந்து பேசுவது வீட்டு ஆண், உள்ளே வேகுவது பெண் என்ற ஏற்பாடு நிறைய இடங்களில் உண்டு.

நண்பர் வீடென்றால் பணத்தை நீட்டினால் வருத்தப்படுவார்கள். பொருளாகக் கொண்டுபோங்கள். ஃபில்டர் காபித்தூள், நேந்திரங்காய் சிப்ஸ், நல்ல முறுக்கு, கடலை மிட்டாய் எங்கேயும் எடுபடும். கேக் வேண்டாம். முட்டை சேராத வீடுகள் வடக்கே அதிகம். சந்தைக்குப் போகும்போது ஒரு நாள் காய்கறிச் செலவை நீங்கள் முந்திக்கொண்டு கொடுத்துவிடலாம்.

எப்படிக் கூப்பிடுவது? வீட்டுக்காரர் வயதைப் பொறுத்து ஹிந்தி பேசும் ஊர்களில் ஆன்ட்டிஜி, பாபிஜி, மாஜி. வங்காளத்தில் மாஷிமா, கொஞ்சம் இளையவரென்றால் பௌதி. கேரளத்தில் சேச்சி. குஜராத்தில் பெயரோடு 'பேன்' சேர்த்து. பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது எந்த ஊர் அடுப்படியிலும் சரியாக வராது.

படி 4: அடுப்படிக்குள் நுழையும் முன்

நம் வீடுகளில் இருக்கும் கட்டுப்பாடுகள்தான், வேறு வேறு அளவில். செருப்பு வெளியே. காலையில் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் என்ற வீடுகள் இருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். எச்சில் விஷயம் மிக முக்கியம். கரண்டியை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு மறுபடி பாத்திரத்தில் விட்டால் அந்தக் குழம்பு அவர்களுக்கு வீண். ஒரு சொட்டு உள்ளங்கையில் ஊற்றிப் பாருங்கள். சாமிக்குப் படைத்த பிறகுதான் ருசிப்பது என்ற வீட்டில் அதுவும் கூடாது. உப்பு சரியா என்பதை மணத்தில் கண்டுபிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஜைன வீட்டில் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு, கேரட் போன்ற மண்ணுக்கடியில் விளைவதும் கிடையாது. இருட்டிய பிறகு சாப்பாடும் கிடையாது, ஆக மாலை வகுப்பு என்பது நாலு மணிக்கே தொடங்கும். காஷ்மீரப் பண்டிதர் வீட்டில் வெங்காயம் பூண்டு இல்லாமல் ஆட்டுக்கறி சமைப்பார்கள்: சோம்புத்தூள், சுக்குத்தூள், பெருங்காயம். அங்கே போய் 'இஞ்சி பூண்டு விழுது எப்போது?' என்று கேட்க வேண்டாம்.

மாதவிலக்கு நாட்களில் அடுப்படிக்கு வரக்கூடாது என்ற வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. பெண்கள் இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அங்கே போய்ச் சண்டை போடுவதைவிட, தேதியை அதற்கேற்ப வைப்பதோ வேறு வீடு பார்ப்பதோ எளிது. ஆண்கள் தனியாகப் போனால், வீட்டுப் பெண்களோடு அடுப்படியில் நிற்பது அங்கே வழக்கமா என்று கேட்டுவிடுங்கள். ஜோடியாகவோ குடும்பமாகவோ போனால் இந்தக் கேள்வியே எழாது.

ஃபோட்டோ, வீடியோவுக்கு ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அழுக்குத் துணியும் பழைய பாத்திரமும் தெரிய யாருக்கும் பிடிக்காது.

படி 5: சந்தை

காலையில் அவர்களோடு போங்கள். கற்றலில் கால்வாசி அங்கேதான். எந்தக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு எதை எடுக்கிறார், மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறாரா வயிற்றை அமுக்குகிறாரா, மாவை ஆலையில் அரைத்து வாங்குகிறாரா பாக்கெட்டா என்பதையெல்லாம் பாருங்கள். பை தூக்குவது உங்கள் வேலை.

ஜோத்பூர்ப் பக்கம் சந்தையில் கேர் என்று காய்ந்த சின்ன உருண்டைக் காயும், சாங்ரி என்று காய்ந்த சுள்ளி மாதிரி ஒன்றும் விற்கும். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரத்தின் காய். அங்கே அந்த மரத்தைக் கேஜ்ரி என்பார்கள். தண்ணீர் இல்லாத மண்ணில் அந்த மரம் ஆடுமாட்டுக்குத் தழை, மனிதருக்குக் காய். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் அந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காயை ஊறவைத்துச் சமைத்தால் அதை வீணாக்க மனம் வராது.

படி 6: அடுப்பின் முன்

கொண்டுபோக வேண்டியவை: நோட்டு, பேனா, அளவுக் கரண்டி ஒரு செட், முடிந்தால் உள்ளங்கை அளவு எடைக்கருவி. ஃபோனை ஓரமாக நிறுத்திக் குரல் பதிவு போட்டுவிடுங்கள் (கேட்டுவிட்டு). வீடியோ எடுத்துக்கொண்டே கற்க முடியாது. கண் திரையில் இருக்கும், மூக்கு வேலை செய்யாது.

எவ்வளவு என்று கேட்டால் 'அந்தாஸ் சே' என்பார்கள், கண்ணளவு. அதோடு விட்டுவிடாதீர்கள். அவர் உப்பை அள்ளியதும், போடுவதற்கு முன் 'ஒரு நிமிஷம் மாஜி' என்று உங்கள் தட்டில் வாங்கி, அளவுக் கரண்டியில் அளந்து, பிறகு பாத்திரத்தில் போடச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள், இரண்டாவது முறை அவர்களே தட்டைத் தேடுவார்கள். அந்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று ஒரு தடவை பார்த்துவைத்தால், அப்புறம் அவர் 'ரெண்டு கிளாஸ்' என்று சொல்வதெல்லாம் கணக்கில் வந்துவிடும்.

நேரத்தை நம்பாதீர்கள். 'பத்து நிமிஷம் வதக்கு' என்று எழுதினால் உங்கள் வீட்டு அடுப்பில் அது பொருந்தாது. நிறம், சத்தம், மணம், கரண்டியில் ஒட்டும் விதம் என்று எழுதுங்கள். வடக்கே மசாலா வதக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வெங்காயம் பொன்னிறமானதும் தக்காளி போட்டு, அது குழைந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அங்கே மசாலா அடிப்பிடிக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டி, வற்றவிட்டு, மறுபடி தெளித்து, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நிற்கும் வரை விடமாட்டார்கள். சத்தம் மாறும்: முதலில் தண்ணீர்ச் சத்தம், கடைசியில் பொரிகிற சத்தம். அதைக் காதால் பிடித்துவிட்டால் பாதி வட இந்தியக் குழம்பு கையில்.

'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் 'எங்கள் வீட்டில் இப்படித்தான்' என்று முடிந்துவிடும். 'செய்யாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். பதில் கொட்டும். ராஜஸ்தானில் மோர்க் குழம்பான கடியைக் கொதி வரும் வரை விடாமல் கிளறுவார்கள். கிளறாவிட்டால் திரிந்துவிடும், கடலைமாவு அதைப் பிடித்துக்கொள்ளக் கொதி வர வேண்டும். அந்த ஊரில் தக்காளியும் தண்ணீரும் அரிதாக இருந்த காலத்துப் பழக்கம் இது, குழம்புக்கு நீரைவிட மோரை நம்பினார்கள். கடலைமாவைப் பிசைந்து நீளமாக உருட்டி வேகவைத்து நறுக்கும் கட்டே குழம்பில், வேகவைத்த அந்தத் தண்ணீரையும் கொட்டுவதில்லை, அதுவே குழம்புக்குப் போகிறது.

நமக்கு இடைஞ்சலாக வரும் பழக்கங்கள் என்று சொன்னேனே, முதல் இடம் எண்ணெய்க்கு. வங்காளத்தில் கடுகு எண்ணெயைப் புகை வரும் வரை காய்ச்சி, தீயைக் குறைத்து, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் தாளிப்பார்கள். அப்போதுதான் அதன் காரமான நெடி அடங்கும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்குப் பழகிய நாம் புகையைக் கண்டதும் பதறி அடுப்பை அணைக்கப் போவோம். சும்மா இருங்கள். ஆனால் அதே வங்காள வீட்டில் உருளைக்கிழங்கு மசியலில் பச்சைக் கடுகு எண்ணெயை அப்படியே ஊற்றுவார்கள். அங்கே அந்த நெடிதான் வேண்டும்.

இரண்டாவது, தாளிப்பு என்றாலே கடுகு, உளுந்து, கறிவேப்பிலை என்று கை போவது. வங்காளத்தில் பாஞ்ச் ஃபோரன்: சீரகம், வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம், ஐந்தாவதாக ராதுனி (ஓமம் போன்ற ஒரு சின்ன விதை) அல்லது கடுகு. இதில் எதுவும் பொடியாவதில்லை, முழுசாகவே வெடிக்கும். கடுகை அங்கே விழுதாகத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைப்பார்கள், இல்லாவிட்டால் கசக்கும். அரைப்பது அம்மி மாதிரியே ஒரு கல்லில், மீன் நறுக்குவது நம் அரிவாள்மனை போன்ற, 'பொட்டி' என்று அவர்கள் சொல்லும் கருவியில். அதில் உட்கார்ந்து நறுக்கத் தெரியும் என்று காட்டினால் அந்த வீட்டில் உங்கள் மதிப்பு ஏறிவிடும்.

ரொட்டிக்கு வருவோம். நம் சப்பாத்தி கெட்டியாக வருவதற்கு முக்கியக் காரணம் மாவு கெட்டியாக இருப்பது. வடக்கே கையில் லேசாக ஒட்டும் பதத்தில் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரமாவது விட்டுவிடுகிறார்கள். தேய்க்கும்போது நடுவைவிட ஓரம் மெலிதாக வர வேண்டும். முதல் பக்கம் தவாவில் கொஞ்ச நேரம்தான், நிறம் மாறியதும் திருப்பு, இரண்டாம் பக்கம் புள்ளி விழட்டும், அப்புறம் நேரடித் தீயில். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இரண்டு படலங்களைப் பிரிப்பதால்தான் உப்புகிறது. எங்காவது ஓட்டையோ மடிப்போ இருந்தால் ஆவி தப்பிவிடும். கம்பு ரொட்டி வேறு கதை. அந்த மாவுக்குக் கோதுமையின் இழுவை கிடையாது, ஆகவே சுடுநீர் விட்டு, ஒரு ரொட்டிக்கு வேண்டிய மாவை மட்டும் அவ்வப்போது பிசைந்து, உள்ளங்கையில் தட்டித்தான் போடுவார்கள். தட்டும்போது ஓரம் பிளக்கும், எல்லாருக்கும் பிளக்கும். விரலை ஈரப்படுத்திக்கொண்டு மூடிவிடுங்கள்.

பாத்திரம் கழுவாமல் வெளியே வராதீர்கள். விடமாட்டார்கள், ஆனாலும் எழுந்து போய் நில்லுங்கள்.

படி 7: நீங்கள் சமைக்கும் நாள்

மூன்றாம் நாள், பார்த்த பதார்த்தங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அவர்கள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே முழுக்கச் செய்யுங்கள். வாயைத் திறப்பார்கள், அதுதான் வேண்டும். எந்த இடத்தில் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லையோ அங்கே ஒரு கோடு போட்டு நோட்டில் குறியுங்கள். செய்முறை எழுதச் சொன்னால் அவர்கள் சொல்ல மறக்கும் விஷயம் அதுதான்.

பதிலுக்கு நம் சமையலும் கேட்பார்கள். மதராசி என்றாலே தோசை. ஒத்துக்கொள்ளாதீர்கள். குளிர்கால அமிர்தசரஸில் மாவு பொங்காது, அவர்கள் மிக்ஸியில் நைசாக அரைபடாது, மானம் போகும். ரசம் செய்யுங்கள். புளி, ரசப்பொடி, கொஞ்சம் பெருங்காயம் பையில் போட்டுக்கொண்டால் போதும். குளிருக்குக் கிண்ணம் கிண்ணமாகக் குடிப்பார்கள். எலுமிச்சை சாதமும் எங்கேயும் கைவிடாது, ஆனால் கறிவேப்பிலையைக் கையோடு கொண்டுபோங்கள்.

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. புது எண்ணெய், அதிக நெய், புது நீர் மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் நாள் தொல்லை தரலாம். கொதித்த நீர் குடியுங்கள், முதல் நாளே நெய்யில் குளித்த 'பாட்டி' என்ற ராஜஸ்தான் கோதுமை உருண்டைகளை நாலைந்து தின்ன வேண்டாம். வேர்க்கடலை, கடுகு, பால் ஒவ்வாமை இருந்தால் வீடு பேசும்போதே சொல்லிவிடுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னால் அவர்கள் பாவம்.

படி 8: வீட்டுக்கு என்ன கொண்டுவருவது

அங்கே மட்டும் கிடைப்பது, காய்ந்தது, ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவு. ஜோத்பூரில் மத்தானியா மிளகாய், சாங்ரி. கொல்கத்தாவில் ராதுனி. கேரளத்தில் குடம்புளி, குடகில் கச்சம்புளி ஒரு சின்னப் புட்டி. கடாய், தவா பக்கம் மனம் போகும், எடையை நினைத்து விட்டுவிடுங்கள். ஒரு நல்ல மரப் பூரிக்கட்டை வாங்கலாம்.

ரயிலில் கவலையில்லை. விமானம் என்றால் எண்ணெய், நெய், ஊறுகாய் ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் எவ்வளவு விடுவார்கள் என்பதை அந்த விமான நிறுவனத்தின் விதியில் பாருங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் பெட்டியில் அனுமதிப்பதில்லை. கேரளத்திலிருந்து திரும்புகிறவர்கள் கவனிக்கவும்.

வந்த ஒரு வாரத்துக்குள் ஒரு முறை செய்துவிடுங்கள், கை மறப்பதற்குள். முதல் தடவை மாற்றிச் செய்ய வேண்டாம், தேங்காய் போட்டால் நன்றாக இருக்குமே என்ற ஆசையைத் தள்ளிவையுங்கள். வித்தியாசம் வரத்தான் செய்யும். அங்கே தயிர் புளிப்பு வேறு, தக்காளி வேறு, அவர்கள் விறகடுப்பில் செய்ததை நீங்கள் கேஸில் செய்கிறீர்கள். கடி மிகப் புளித்தால் தயிரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். ரொட்டி உப்பவில்லையென்றால் தண்ணீர் இன்னும் கொஞ்சம்.

அப்படியும் வராவிட்டால் ஃபோன் செய்யுங்கள், ஆனால் இரவில் அல்ல. காலை பத்து, பதினொரு மணிக்கு, அவர்கள் அடுப்பு எரியும் நேரத்தில் வீடியோ கால் போடுங்கள். ஞாபகத்திலிருந்து சொல்லும்போது விட்டுப்போவது கை வேலையாக இருக்கும்போது விட்டுப்போகாது. அவர்கள் சமையலை நீங்கள் எங்காவது எழுதவோ வீடியோவாகப் போடவோ நினைத்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெயர் போடலாமா, ஊர் போடலாமா, படம் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாக.